அரைப்பேர்

1

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிற ரோட்டில் அரவேணு இருக்கிறது. கேத்தரின் நீர்வீழ்ச்சிக்கு இங்கேதான் பிரிய வேண்டும். சனி, ஞாயிறானால் கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் வரிசையாக ஏறி வரும். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள். வாரம் பூராவும் மண்டை காய்ந்துபோச்சு, ரெண்டு நாள் மலைக்காத்து பட்டால்தான் மனசு அடங்கும் என்பார்கள். தேயிலைக்குள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமை ஒரு பெண்பிள்ளை என் அம்மாவிடம் கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு படம் எடுத்தது. அம்மாவுக்கு எழுபது வயது. ஒரு சிறு விவசாயியின் தோட்டத்தில் இன்னமும் கூலிக்குக் கொழுந்து பறிக்கிறாள். படம் எடுத்து முடித்து, கூடையைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பிள்ளை நல்ல மனசோடுதான் கேட்டது:

"பாட்டி, தினமும் இந்தப் பச்சையப் பார்த்துக்கிட்டே வேலை செய்றீங்க. உங்களுக்கெல்லாம் டென்ஷனே வராதில்ல?"

அம்மா சிரித்தாள். "எங்களுக்கு டென்ஷன் கிலோ கணக்குல வரும் கண்ணு."

அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

2

அம்மா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம். பத்தொன்பது வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு இந்த மலைக்கு வந்தாள். அங்கே தோட்டத்தில் காலையில் 'பெரட்டு' நடக்கும். ஆட்கள் வரிசையில் நிற்க, கங்காணி வேலை பிரிப்பான். சாயங்காலம் கொழுந்து நிறுத்து, கணக்கப்பிள்ளை செக்ரோலில் 'பேர்' போடுவான். ஒரு நாள் கூலிக்கு ஒரு பேர். சொன்ன எடை வரவில்லை என்றால் அரைப்பேர். மழை பெய்து கொழுந்து இல்லாமல் போனாலும், வயிற்றுவலியில் குனிய முடியாமல் போனாலும், பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போய் வர நேரமானாலும் அரைப்பேர்தான்.

"அரைப்பேர்னா அரைக்கூலி அவ்வளவுதானே" என்று சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன்.

"கூலி பாதின்னா பரவால்லடா. லயத்துக்குத் திரும்பி வர்றப்ப, இன்னிக்கு உனக்கு எத்தன பேருன்னு கேப்பாங்க. அரைப்பேருன்னு சொல்லணும். அன்னிக்கு நான் அரை ஆளு."

அவள் சொன்ன இந்தச் சொல் அரசாங்கங்களின் கணக்குக்கும் பொருந்துகிறது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று எழுதினார்கள். மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் தொடங்கப்பட்டன. அங்கே இடம் கிடைத்தவர்கள் உண்டு. கிடைக்காமல் தனியார் தோட்டங்களுக்கும் கொத்தடிமை வேலைக்கும் சிதறியவர்களும் உண்டு. வந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள்.

மன அழுத்தம் என்கிற சொல்லை அம்மா டிவியில்தான் கேட்டாள். அவளிடம் இருந்த சொற்கள் வேறு. அசதி. மேலுவலி. நெஞ்சடைப்பு. இந்த மூன்றில் எதைச் சொல்லி ஒருநாள் படுத்தாலும் மேஸ்திரியிடமிருந்து கிடைத்த பதில் ஒன்றே ஒன்றுதான்: "வேலைக் கள்ளி." ஒரு வர்க்கத்துக்கு நோயாக இருப்பது இன்னொரு வர்க்கத்துக்குக் குணக்கேடாக ஆகிவிடுகிறது. யாருடைய களைப்புக்கு மருத்துவப் பெயர் கிடைக்கிறது, யாருடைய களைப்புக்கு வசவு கிடைக்கிறது என்பதைச் சாதியைத் தள்ளி வைத்துவிட்டுப் பேச முடியாது.

3

நான் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் பதினோரு வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தேன். பிரிவின் தலைவர் மற்ற எல்லோரையும் 'சார்' என்பார். என்னை 'எஸ்டேட்டு' என்பார். "எஸ்டேட்டு, அந்த ஃபைல எடு." எல்லோரும் சிரிப்பார்கள். முதல் வருஷம் நானும் சிரித்தேன். கணக்கில் ஒரு பிழை வந்தால் மற்றவர்களுக்கு அது பிழை. எனக்கு வந்தால், "இதுக்குத்தான் கோட்டாவுல வந்தவங்களப் போடக்கூடாதுங்கறது." தனியார் அலுவலகத்தில் ஏது இடஒதுக்கீடு? அந்தச் சந்தேகம் அங்கே ஒருத்தருக்கும் வரவில்லை. முப்பத்தெட்டு வயதில் எனக்கு ரத்த அழுத்தம் வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "டென்ஷன் ஆகாதீங்க" என்றார்.

அந்த வருஷம் அலுவலகத்தில் ஒருநாள் பயிற்சி முகாம் நடத்தினார்கள். வேலையிடத்தில் எப்படி நடந்துகொள்வது, மன அழுத்தத்தை எப்படிக் கையாள்வது என்று சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தார். நன்றாகப் பேசுகிறவர். திரையில் தோனியின் படத்தைப் போட்டார். கடைசி ஓவரில், எத்தனை ரன் வேண்டியிருந்தாலும் முகத்தில் எதுவும் தெரியாமல் நிற்கிறாரே, அந்த மனிதரிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள் என்றார். கோபம் வந்தால் பத்து எண்ணுங்கள், மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள் என்றார். எல்லோரும் கண்ணை மூடி மூச்சை இழுத்தோம். நானும் இழுத்தேன். எனக்குப் பக்கத்து நாற்காலியில் பிரிவின் தலைவரும் கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அடிக்கிறவனுக்கும் அடி வாங்குகிறவனுக்கும் ஒரே மருந்து.

தோனி மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் தோனி பொறுமையாக இருப்பது ஒரு ஆட்டக்காரனின் பொறுமை. அந்தப் பொறுமைக்குக் கைத்தட்டலும் சம்பளமும் உண்டு. எங்கள் தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து எங்களிடம் கேட்கப்பட்ட பொறுமைக்கு என்ன உண்டு? எதிர்த்துப் பேசாதவன் நல்லவன், தலையைக் குனிகிறவன் அடக்கமானவன், வாங்கின அடியை வெளியே சொல்லாதவள் குடும்பப் பெண். அடக்கம், பணிவு, சகிப்பு என்று நமது நீதி நூல்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னதாகத்தான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். நடைமுறையில் அவை ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வசூலிக்கப்பட்டன. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வசூலிக்கப்படுகிற ஒன்றுக்கு அறம் என்று பெயர் இல்லை. அதற்குப் பெயர் வரி.

இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்புகிற கேள்வி இதுதான். வேலையிடத்தில் மனம் நசுங்குகிற ஒருவனிடம் 'உன் மனத்தைச் சரி செய்துகொள்' என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

4

பிரபலங்களை வைத்தே பாடம் சொல்வதானால் நாமும் சொல்லலாம். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம்.

ஒருவர் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ். கறுப்பினப் பெண். ஜிம்னாஸ்டிக்ஸில் உலகத்திலேயே முதல் ஆள். அணிக்கான இறுதிப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, என் மனமும் உடலும் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி விலகினார். அந்தரத்தில் சுழல்கிறபோது தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமல் போனால் கழுத்து முறியும். திட்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் உலகம் அதை ஒரு விவாதமாகவாவது எடுத்துக்கொண்டது. முடியாது என்று சொல்வதும் வேலையில் ஒரு பகுதிதான் என்பதைப் பலர் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்கள்.

இன்னொருவர் நம் வந்தனா கட்டாரியா. ஹரித்வார் பக்கத்து ரோஷனாபாத். தலித் பெண். அந்த ஆண்டு மே மாதம் அப்பா இறந்தபோது பெங்களூர் பயிற்சி முகாமில் இருந்ததால் இறுதிச் சடங்குக்குப் போக முடியவில்லை. டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் இந்தியப் பெண். பிறகு அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்றது. அன்று அவர் வீட்டு வாசலில் ஆதிக்கச் சாதி ஆண்கள் வந்து பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று சாதியைச் சொல்லித் திட்டினார்கள். ஒரு நாள் விட்டு மறுநாள், பிரிட்டனுக்கு எதிரான வெண்கல ஆட்டம். வந்தனா இறங்கினார். அதிலும் ஒரு கோல் போட்டார்.

அவருடைய மன உறுதியைப் பாராட்டி எவ்வளவோ எழுதினார்கள். நானும் பாராட்டுகிறேன். ஆனால் எனக்குள் ஒரு கேள்வி கிடக்கிறது. அன்றைக்கு வந்தனா 'என்னால் முடியவில்லை, விலகுகிறேன்' என்று சொல்லியிருந்தால்? மன நலம் என்று பேசியிருப்பார்களா, 'பார், இதுகளால முடியாது' என்று பேசியிருப்பார்களா? பதில் நமக்குத் தெரியும். பைல்ஸ் விலகினால் அது பைல்ஸின் முடிவு. வந்தனா விலகியிருந்தால் ஒரு சாதியே விலகியதாகக் கணக்கு எழுதியிருப்பார்கள். ஓய்வெடுக்கும் உரிமைகூட இங்கே படிக்கட்டாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

இது புதுசும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன் பல்வாங்கர் பாலு என்று ஒரு பந்துவீச்சாளர் இருந்தார். சமார் சாதி. பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதானம் பராமரிக்கிற வேலையில் இருந்து, அவர்களுக்கு வலையில் பந்து போட்டுப் போட்டே தேறியவர். இந்துக்களின் அணிக்கு அவர் கை வேண்டியிருந்தது, சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் டீ குடிக்க, பாலுவுக்கு மட்டும் வெளியே, குடித்துவிட்டு எறிகிற மண் குவளையில் டீ. 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். கடைசி வரைக்கும் இந்துக்கள் அணியின் கேப்டன் ஆக்கவில்லை. தேயிலை பறிக்கிற கை எங்களுடையது, தனிக்குவளையும் எங்களுடையது என்பதால் இந்த டீ சமாச்சாரம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உறைக்கிறது.

5

கொஞ்ச நாளாக வேலை நேரத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரம் என்று பேசியது வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியின் முகத்தைப் பார்ப்பீர்கள் என்பது அவர் கேள்வி. இதைக் கண்டித்தவர்களில் நடிகை தீபிகா படுகோனும் ஒருவர். அதே ஆண்டில் அவர் எட்டு மணி நேரம்தான் நடிப்பேன் என்று நிபந்தனை வைத்ததாகச் சொல்லி, சினிமா உலகமே இரண்டு பட்டது.

இதற்கு நடுவில் 2024இல் புனேயில் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்த 26 வயதுப் பெண் நான்கே மாதத்தில் இறந்துபோனார். வேலைச் சுமைதான் மகளைக் கொன்றது என்று அவருடைய தாய் நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் நாடு முழுக்கப் படிக்கப்பட்டது. அந்தச் செப்டம்பரில் சென்னையில் ஒரு கல்வி நிறுவன விழாவில் பேசிய ஒன்றிய நிதியமைச்சர், அழுத்தத்தைத் தாங்கும் உள் வலிமையைக் குடும்பங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும், இறைவனை நாடினால் அந்த வலிமை வரும் என்கிற பொருளில் பேசினார். கண்டனம் வந்தது. வரத்தான் வேண்டும். சுமையை ஏற்றியவனை விட்டுவிட்டுச் சுமக்கிறவனின் முதுகை ஆராய்கிற இந்தப் பேச்சை, கங்காணி காலத்திலிருந்து நாங்கள் கேட்டு வருகிறோம்.

எட்டு மணி நேரம் என்பது யாரும் தானமாகக் கொடுத்தது இல்லை. தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48 ஆனது 1946ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில். வைசிராயின் நிர்வாக சபையில் அப்போது தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். ஆனால் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தபோது எங்களுக்கு மட்டும் 54 மணி நேரம் என்றே எழுதினார்கள். 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அது 48 ஆனது. ஆலைத் தொழிலாளியின் முதுகைவிடத் தோட்டத் தொழிலாளியின் முதுகு ஆறு மணி நேரம் கூடுதலாகத் தாங்கும் என்று முப்பது வருஷம் சட்டமே சொல்லிக்கொண்டிருந்தது.

நேரத்தைக் குறைத்தால் மட்டும் போதுமா? இங்கேதான் பாபாசாகேப்பின் சொந்த வாழ்க்கை நமக்குப் பாடம். 1917இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா அரசில் உயர் பதவிக்கு வந்தார். அங்கே அவரைத் துரத்தியது வேலைப்பளு இல்லை. பியூன்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் தூரத்திலிருந்து மேசை மேல் எறிந்தார்கள். அலுவலகத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். சில நாட்களிலேயே பம்பாய்க்குத் திரும்பிவிட்டார். அன்றைக்கு ஒருவர் அவரிடம் போய், 'மூச்சை ஆழமா இழுத்து விடுங்க சார்' என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அவர் மூச்சில் கோளாறு இல்லை. கோப்பை எறிந்த கையில்தான் கோளாறு.

பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்க மாட்டார்கள். நூலை வாயால் ஈரப்படுத்த வேண்டியிருந்ததால் எச்சில் தீட்டு. கூலி அதிகம் கிடைத்த பிரிவு அது. சிவப்புக் கொடிச் சங்கங்கள் கூலிக்குப் போராடின, இந்தத் தீட்டைக் கண்டுகொள்ளவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. அதனால்தான் 1938இல் மன்மாட் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் முதலாளியமும் பார்ப்பனியமும் ஆகிய இரண்டுமே எதிரிகள் என்றார்.

2021இல் தமிழ்நாட்டில் கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. நல்ல சட்டம். அதற்கு முந்தைய ஆண்டுதான் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவராக இருந்த தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்திருந்த படம் வெளியானது. அந்த அலுவலகத்தில் நாற்காலிகள் இருந்தன. மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி இல்லாதது ஒரு குறை. நாற்காலி இருந்தும் உட்கார விடாதது வேறு. முன்னதற்குச் சட்டம் போதும். பின்னதைத்தான் நான் அரைப்பேர் என்கிறேன்.

6

இதையெல்லாம் எங்கள் பெரியப்பாவிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். "கோவப்பட்டவனெல்லாம் வேலையக் கெடுத்துக்கிட்டுப் போனான். பொறுத்துக்கிட்டவந்தான் புள்ளையப் படிக்க வச்சான். உங்கம்மா பொறுத்துக்கிட்டதாலதான் நீ இன்னிக்குப் பேனா புடிச்சு எழுதுற."

இது சாதாரண வாதம் இல்லை. அதைத் தாண்ட எனக்குப் பல நாள் ஆனது. அம்மா பொறுத்தது நிஜம். அதில் நான் படித்ததும் நிஜம். ஆனால் அம்மாவின் பொறுமை யாரும் சொல்லிக்கொடுத்த குணம் இல்லை. எந்த மேஸ்திரியிடம் வாயைத் திறக்கலாம், எந்த மாசம் திறக்கக்கூடாது, பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனில் வேலை போனால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு நாளும் அவள் போட்ட கணக்கு அது. அவளுடைய கணக்கை அவள் போடலாம். அந்தக் கணக்குக்குக் காரணமானவன் வந்து, பொறுமை உயர்ந்த குணம் என்று அவளுக்கு வகுப்பெடுக்கக் கூடாது.

பொறுத்தவர்கள் பொறுக்காமல் போன நாளும் உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள். கம்பெனி போனஸைக் குறைத்ததில் தொடங்கியது. ஆண்கள் நடத்திய தொழிற்சங்கங்களையும் கிட்டே சேர்க்கவில்லை. பெம்பிளை ஒருமை என்று தங்களுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். 20 சதவீதம் வாங்கினார்கள். 232 ரூபாயாக இருந்த நாள் கூலி பிறகு 301 ஆனது. கேட்ட 500 கிடைக்கவில்லை. அந்த ஒற்றுமையும் பின்னால் உடைந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த நாட்களில் அவர்களுக்கு மூச்சுப் பயிற்சி தேவைப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

இத்தோடு முடித்தால் எனக்கு நல்ல பெயர். முடிக்க முடியவில்லை.

நான் வேலையை விட்டு அரவேணுவுக்கே வந்துவிட்டேன். என் சித்தப்பா மகன் ஒரு தோட்டத்தில் சூப்பர்வைசர். எங்கள் ஆட்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டதால், இப்போது இந்த மலையில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். பலர் ஆதிவாசிகள். ஒருநாள் தம்பியைப் பார்க்கப் போயிருந்தேன். எடை போடுகிற இடத்தில் ஒரு சின்னப் பெண்ணிடம் கத்திக்கொண்டிருந்தான். கைக்குழந்தையோடு நின்றது. எடை குறைந்திருந்தது. "ஏய் ஹிந்தி! தூங்கவா வந்த?" மற்றவர்கள் சிரித்தார்கள். நான் பேசாமல் நின்றேன். வழியில் அவன் தன் மேனேஜரின் வசவுகளைச் சொல்லி அழாத குறையாகப் புலம்பினான். அவனுக்கும் ரத்த அழுத்தம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். தம்பிக்கு எவ்வளவு டென்ஷன் பார் என்றுதான் தொடங்கினேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் புள்ள பேரு என்ன?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. தம்பியைக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. நோட்டில் நம்பர்தான் இருக்கிறது என்றான்.

பாபாசாகேப் இந்தச் சமூகத்தைப் படிப்படியான ஏற்றத்தாழ்வு என்றார். மேலே இருப்பவன் தள்ளுகிற பாரத்தைக் கீழே ஒருவன் இருக்கிற வரைக்கும் நாம் இறக்கி வைத்துவிடலாம். அதுதான் இங்கே நடைமுறையில் இருக்கிற மன அழுத்த நிவாரணம். பதினோரு வருஷம் என்னை 'எஸ்டேட்டு' என்றவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத முடிந்த எனக்கு, 'ஹிந்தி' என்று கூப்பிட்டபோது வாய் திறக்கவில்லை. என்னுடைய பொறுமை அங்கே என்ன வேலை செய்தது? ஒரு பெண்ணுக்கு அரைப்பேர் போட்டது.

எனவே, வேலையிடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு என்னிடம் பெரிய பாடம் எதுவும் இல்லை. மேலே இருப்பவனிடம் நம் பேரை முழுசாகக் கேட்டு வாங்குவது. கீழே நிற்பவரின் பேரை முழுசாகச் சொல்வது. இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் கணக்கு நேராகும். ஒன்றை மட்டும் செய்தால் அதுவும் அரைப்பேர்தான்.

அடுத்த நாள் தம்பியோடு சண்டை. "ஊருக்கு உபதேசம் பண்ண வந்துட்டான்" என்றான். பேச்சு வார்த்தை நின்று மூன்று வாரம் ஆகிறது. அம்மா மட்டும் அந்தப் பக்கம் போகும்போது விசாரித்துவிட்டு வந்து எனக்குச் சொன்னாள். அந்தப் பிள்ளையின் பேரை இங்கே எழுதவில்லை, எழுதினால் அதன் வேலை போகும். ஆனால் எங்கள் வீட்டில் இப்போது அதன் பேர் தெரியும்.